பேஸ்லைன் டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ப்ரோக்ராம் தரும் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து வைத்து, அடுத்த முறை ஓட்டும்போது அதோடு ஒப்பிடும் டெஸ்ட்களைப் பற்றி எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பேஸ்லைன்னா என்ன? கோல்டன் ஃபைல், ஸ்னாப்ஷாட்னு வேற வேற பேர்ல சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

அடிப்படையில் ஒன்றுதான். "இந்த உள்ளீட்டைக் கொடுத்தால் இந்த வெளியீடு வர வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். டெஸ்ட் ஓடும்போது வந்த வெளியீட்டையும் கோப்பில் இருப்பதையும் ஒப்பிட்டு, ஓர் எழுத்து வேறுபட்டாலும் ஃபெயில் என்கிறோம். கோ மொழிக்காரர்கள் கோல்டன் ஃபைல் என்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஸ்னாப்ஷாட் என்ற பெயர் பரவியதற்கு 2016இல் ஜெஸ்ட் கருவியில் வந்த வசதி பெரிய காரணம். அப்ரூவல் டெஸ்ட் என்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான், ஏனென்றால் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தந்தார் என்பது அதிலேயே இருக்கிறது.

சாதாரண அசெர்ட் எழுதினா போதாதா? எதுக்கு இந்தக் கோப்பெல்லாம்?

விடை ஒரு எண்ணோ ஒரு பெயரோ என்றால், "இந்த மதிப்பு இதற்குச் சமமா" என்று டெஸ்டுக்குள்ளேயே கேட்கும் அசெர்ட் போதும், அதுதான் நல்லதும்கூட. வெளியீடு நாற்பது வரி அறிக்கையாகவோ, கம்பைலர் தரும் பிழைச் செய்தியாகவோ இருந்தால் நாற்பது அசெர்ட் எழுத மாட்டீர்கள். மூன்றோ நான்கோ எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவீர்கள். விட்டுப்போன இடத்தில்தான் பக் வரும். பேஸ்லைன் முழு வெளியீட்டையும் பிடித்து வைக்கிறது.

அதற்கு ஒரு விலை உண்டு. எது முக்கியம், எது தற்செயல் என்று பேஸ்லைனுக்குத் தெரியாது. மொத்தத் தொகை தவறினாலும் ஃபெயில், ஓர் இடைவெளி கூடினாலும் ஃபெயில். கீழே வரும் கேள்விகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

முதல் பேஸ்லைனை ப்ரோக்ராமே எழுதித் தருது. அப்புறம் அதே ப்ரோக்ராமை அதை வெச்சு சரிபார்க்கிறோம். இது எப்படி டெஸ்ட் ஆகும்?

நியாயமான சந்தேகம். முதல் கோப்பை யாரும் படிக்காமல் கமிட் செய்தால், அதாவது ப்ரோக்ராமின் வரலாற்றில் பதிந்தால், அது டெஸ்ட் ஆகாது. "நேற்று இப்படி இருந்தது" என்ற பதிவு மட்டும்தான் கையில் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, கையால் கணக்குப் போட்டு, "ஆமாம், இப்படித்தான் வர வேண்டும்" என்று சொன்ன பிறகே அது எதிர்பார்ப்பாகிறது. அதனால்தான் முதல் உள்ளீட்டைச் சிறியதாக வைக்கச் சொல்கிறேன். மூன்று பதிவுகள் இருந்தால் கையால் சரிபார்க்கலாம், மூவாயிரம் இருந்தால் முடியாது.

பழைய ப்ரோக்ராம் கோடைத் திருத்துவதற்கு முன் இப்போதைய நடத்தையை அப்படியே பிடித்து வைப்பது இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே "சரியா" என்று கேட்பதில்லை, "மாறியதா" என்று மட்டும்தான் கேட்கிறோம். அதுவும் பயனுள்ளதே. ஆனால் அந்தக் கோப்புகளைத் தனி அடைவில் வையுங்கள். இரண்டு வகையும் கலந்துவிட்டால், எதை நம்பலாம் என்று ஒரு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

கோப்புகளை ரெப்போவுக்குள்ளே போடணுமா, வெளியே சர்வர்ல வைக்கணுமா?

டெக்ஸ்ட் என்றால் கோடும் அதன் வரலாறும் இருக்கும் ரெப்போவிலேயே, டெஸ்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கோடும் அதன் எதிர்பார்ப்பும் ஒரே கமிட்டில் மாற வேண்டும். அப்போதுதான் ஆறு மாதத்துக்கு முந்தைய பிராஞ்சுக்குப் போனாலும் டெஸ்ட் ஓடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் இதை வெகு காலமாகச் செய்கிறது. எஸ்கியூஎல் என்ற அடைவில் கேள்விகள், எக்ஸ்பெக்டட் என்ற அடைவில் விடைகள், ஓட்டிய பிறகு ரிசல்ட்ஸ் என்ற அடைவில் வந்தவை. வேறுபாடு இருந்தால், வேறுபட்ட வரிகளைக் காட்டும் ஒரு டிஃப் கோப்பு. இதை விட எளிமையான அமைப்பைத் தேட வேண்டியதில்லை.

ஸ்க்ரீன்ஷாட்களை ஒப்பிடும் டெஸ்ட் என்றால் கிட் வரலாறு பருத்துவிடும். அங்கே பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் போன்றதைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தேதி மாறுது, டெஸ்ட் ஃபெயில் ஆகுது. என்ன பண்றது?

முதல் வழி, கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுப்பது. ப்ரோக்ராம் தானாக "இப்போது மணி என்ன" என்று கேட்காமல், டெஸ்ட் தரும் நிலையான நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். ரேண்டம் எண்ணுக்கும் இதுவே: அவை பிறக்கும் தொடக்க எண்ணான சீட் என்பதை நிலையாக்குங்கள். முடிந்தால் எப்போதும் இந்த வழியில் போங்கள்.

முடியாவிட்டால் ஒப்பிடுவதற்கு முன் மறைக்க வேண்டும். தேதி இருக்கும் இடத்தில் <தேதி> என்று மாற்றி எழுதிவிட்டு ஒப்பிடலாம். மறைப்பது எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. "வரியில் இருக்கும் எண்களையெல்லாம் நீக்கு" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதியோடு மொத்தத் தொகையும் போய்விடும், டெஸ்ட் என்றென்றும் பாஸ் ஆகும். அடையாள எண்களை மறைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே <ஐடி> ஆக்காதீர்கள். முதலில் வருவதை <ஐடி-1>, அடுத்ததை <ஐடி-2> என்று மாற்றுங்கள், அதே எண் மறுபடி வந்தால் அதே பெயர். ஆர்டரும் அதன் பில்லும் ஒரே ஐடியைச் சுட்டுகின்றனவா என்பது அப்போதும் தெரியும்.

தேதி, ரேண்டம் எதுவும் இல்ல. ஆனாலும் பத்துக்கு ஒரு தடவை ஃபெயில் ஆகுது!

வரிசையைப் பாருங்கள். கோ மொழியில் மேப்பை வலம்வரும் வரிசை வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தரப்படுகிறது. பைத்தானில் டிக்ஷனரி 3.7 பதிப்பு முதல் சேர்த்த வரிசையைக் காக்கும், ஆனால் சரங்கள் உள்ள செட் அப்படியில்லை, அதன் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். எஸ்கியூஎல் கேள்வியில் ஆர்டர் பை இல்லையென்றால் டேட்டாபேஸ் எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரலாம். கோப்பு அடைவைப் படிக்கும் கட்டளைகளும் பல இடங்களில் இப்படித்தான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். பயனருக்கு வரிசை முக்கியமென்றால் ப்ரோக்ராமிலேயே வரிசைப்படுத்துங்கள், டெஸ்ட் ஒரு உண்மையான குறையைக் காட்டியிருக்கிறது. முக்கியமில்லையென்றால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் வரிசைப்படுத்துங்கள். "மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிறது" என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பழகிய டீம் உண்மையான ஃபெயிலையும் மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் கடக்கும்.

என் மெஷின்ல பாஸ், சிஐல ஃபெயில். டிஃப் பார்த்தா ரெண்டு வரியும் ஒரே மாதிரிதான் இருக்கு. எனக்குக் கண்ணு தெரியலையா?

உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது, வேறுபாடுதான் கண்ணுக்குத் தெரியாதது. சிஐ என்பது கோடு மாறும்போது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வர், அதன் சூழல் உங்கள் மெஷின் போலவே இருக்க வேண்டியதில்லை. முதலில் வரி முடிவு: விண்டோஸில் இரண்டு எழுத்து, லினக்ஸில் ஒன்று. கிட் செக்கவுட் செய்யும்போதே இதை மாற்றக்கூடும், ஆகவே கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் பேஸ்லைன்களின் வரி முடிவை நிலையாக எழுதி வையுங்கள். அடுத்து டைம்ஸோன், அப்புறம் லொகேல், அதாவது தேதியையும் எண்ணையும் எந்த மொழி, நாட்டு வழக்கப்படி எழுதுவது என்ற அமைப்பு. இந்த இரண்டையும் டெஸ்ட் தொடங்கும்போதே நிர்ணயித்துவிடுங்கள்.

லொகேல் எவ்வளவு நுணுக்கமாக அடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2022இல் வந்த சிஎல்டிஆர் 42 என்ற யூனிகோட் லொகேல் தரவில், ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் என்பதற்கு முன் இருந்த சாதாரண இடைவெளி, உடையாத குறுகிய இடைவெளியாக மாற்றப்பட்டது. ஜாவா 20 அந்தத் தரவை எடுத்துக்கொண்டது. கோடில் ஒரு வரிகூடத் தொடாமல், பதிப்பை மட்டும் உயர்த்தியவர்களுக்கு நேரம் அச்சாகும் பேஸ்லைன்கள் ஃபெயில் ஆகின. திரையில் இரண்டும் ஒன்றே.

தமிழிலும் இது உண்டு. "கொ" என்பதை க, ொ என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமானவை என்கிறது, பைட்டை ஒப்பிடும் டிஃப் அப்படிச் சொல்லாது. தமிழ் வெளியீடு உள்ள டெஸ்ட் என்றால் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த வரியை ஹெக்ஸில், பைட் பைட்டாகப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

தசம எண் கடைசி இலக்கத்தில் மாறுது. ரவுண்ட் பண்ணிட்டா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆகும், எப்போதும் ஆகாது. 2.4999999 என்பதும் 2.5000001 என்பதும் ஏறத்தாழ ஒரே எண். முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் ஒன்று 2, இன்னொன்று 3. எல்லையில் நிற்கும் எண்ணை ரவுண்டிங் காப்பாற்றாது. பேஸ்லைனைப் படித்து, எண்களை எண்களாகவே எடுத்து, இவ்வளவு வேறுபாடு பரவாயில்லை என்ற வரம்போடு ஒப்பிடுவதுதான் சரி. ஆனால் பணக் கணக்கு என்றால் வரம்பே கூடாது. அங்கே கடைசி இலக்கம் மாறுகிறதென்றால் தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் என்ற எண் வகையில் பணத்தை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள், அதைத் திருத்துங்கள்.

டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா அப்டேட் கமாண்ட் ஓட்டி கமிட் பண்ணிட்டா போதும்தானே? எல்லாரும் அதானே பண்றாங்க?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இதுதான். போதாது. அந்தக் கமாண்ட் இப்போது வரும் வெளியீட்டையே புதிய பேஸ்லைனாக எழுதிவிடும். பேஸ்லைனில் இருக்கும் ஒவ்வொரு வரியும் "நான் பார்த்தேன், இது சரி" என்று ஒருவர் போட்ட கையெழுத்து. படிக்காமல் அப்டேட் செய்வது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஓர் அறிக்கையின் தேதி வடிவத்தை மாற்றினேன். ஏகப்பட்ட பேஸ்லைன்கள் ஃபெயில் ஆகின. முதல் நாலைந்தைத் திறந்து பார்த்தேன், எல்லாம் தேதி மாற்றம்தான். மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று மொத்தமாக அப்டேட் செய்து மெர்ஜ் செய்துவிட்டேன். ஓர் அறிக்கையில் மட்டும் கடைசி வரி காணாமல் போயிருந்தது. மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் டெஸ்ட் ஒவ்வொரு நாளும் பச்சை காட்டியது. அது மட்டுமில்லை, யாராவது அந்தக் கடைசி வரியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தால் டெஸ்ட் அவர்களைத்தான் தடுத்திருக்கும். பக்கைப் பிடிக்க வைத்த காவலை நானே பக்குக்குக் காவலாக நிறுத்திவிட்டேன்.

ஆகவே வரிசை இதுதான்: டிஃபைப் படியுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், அப்புறம் அப்டேட். காரணம் தெரியாத ஒரே ஒரு வரி இருந்தாலும் நிறுத்துங்கள்.

சரி, படிக்கணும். ஆனா 300 கோப்பு ஒரே நேரத்துல மாறினா மனுஷன் எப்படிப் படிக்கிறது?

படிக்க முடியாது, இருபதாவது கோப்பிலேயே கண் வழுக்கத் தொடங்கிவிடும். மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழி இது. என்ன மாற்றம் வர வேண்டும் என்று நினைக்கிறேனோ, அதை மட்டும் பழைய பேஸ்லைன்களின் மேல் செய்யும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுவேன். மணிக்கணக்கை இரண்டு தசமத்திலிருந்து ஒரு தசமத்துக்கு மாற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு கோப்பின் டிஃப் இப்படி இருக்கும்:

- மொத்த நேரம்: 41.50
+ மொத்த நேரம்: 41.5

பழைய கோப்புகள் எல்லாவற்றிலும் "மொத்த நேரம்" வரியை மட்டும் ஸ்கிரிப்ட் திருத்தட்டும். பிறகு திருத்திய பழையதையும் ப்ரோக்ராம் தந்த புதியதையும் ஒப்பிடுங்கள். 300இல் பெரும்பாலானவை அச்சாகப் பொருந்தி விலகிவிடும். மீதி நிற்பவைதான் நீங்கள் எதிர்பாராதவை, அவற்றை நிதானமாகப் படியுங்கள். 41.25 என்பது 41.3 ஆனதா 41.2 ஆனதா என்ற கேள்வியெல்லாம் அங்கேதான் வெளியே வரும், யாரும் முடிவு செய்யாத விஷயம் அது.

கூடவே இன்னொன்று. வடிவ மாற்றத்தையும் கணக்கு மாற்றத்தையும் ஒரே கமிட்டில் போடாதீர்கள். தனித்தனியாக வந்தால் ரிவ்யூ செய்பவரும் ஸ்கிரிப்டையும் மீதியையும் மட்டும் பார்த்தால் போதும்.

பேஸ்லைன் எவ்வளவு பெரிசா இருக்கலாம்?

டிஃப் வந்தால் ஒருவர் முழுதாகப் படிப்பாரா? படிப்பார் என்றால் சரியான அளவு. ஆயிரம் வரி ஜேசானில் உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு வரி என்றால், அந்தப் பன்னிரண்டை மட்டும் எடுத்து அச்சிட்டுச் சேமியுங்கள். ஒரே வரியில் நீளமாக ஓடும் ஜேசானைச் சேமிக்கவே கூடாது, வரிக்கு ஒரு விஷயமாகப் பிரித்து எழுதினால்தான் டிஃப் பேசும்.

சிஐயே தானா பேஸ்லைனை அப்டேட் பண்ணி கமிட் போட்டுக்கலாமா?

கூடாது. கையெழுத்து பற்றிச் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும். சிஐ புதிய கோப்பை உருவாக்கித் தரவிறக்க வைக்கலாம், ஏற்பது மனிதர் வேலை.

பேஸ்லைன் கோப்பே இல்லைன்னா டெஸ்ட் என்ன செய்யும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டியது. பல கருவிகள் கோப்பு இல்லையென்றால் புதிதாக எழுதிவிட்டுப் பாஸ் என்று சொல்லும். ஜெஸ்டும் சாதாரணமாக அப்படித்தான். சிஐ முறையில் ஓடும்போது மட்டும் எழுதாமல் ஃபெயில் ஆகும். நீங்களே எழுதிய கருவி என்றால் சோதித்துப் பாருங்கள். கமிட்டில் சேர்க்க மறந்த ஒரு கோப்பு, ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் பிறந்து தன்னோடு தானே பொருந்திக்கொண்டிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: டெஸ்டை நீக்கிய பிறகும் கிடக்கும் அனாதைக் கோப்புகள். எந்தக் கோப்புகள் படிக்கப்படவில்லை என்று பட்டியலிட்டு அவ்வப்போது அழியுங்கள்.

ரெண்டு பிராஞ்சும் ஒரே பேஸ்லைனை மாத்திட்டோம். கான்ஃப்ளிக்ட்டை கையால சரி பண்ணலாமா?

வேண்டாம். இரு பக்க வரிகளையும் ஒட்டி நீங்கள் உண்டாக்குவது எந்த ப்ரோக்ராமும் தராத வெளியீடாக இருக்கலாம். முதலில் கோடின் கான்ஃப்ளிக்ட்டைத் தீருங்கள். பேஸ்லைனுக்கு மெயின் பிராஞ்சின் கோப்பை எடுத்துக்கொண்டு, டெஸ்டை ஓட்டிப் புதிதாக உருவாக்குங்கள். இப்போது வரும் டிஃப், மெர்ஜுக்கு முன் உங்கள் பிராஞ்சில் ரிவ்யூ ஆன டிஃப் போலவே இருக்க வேண்டும். அதை விடக் கூடுதலாக ஒரு வரி மாறியிருந்தால், இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. கையால் ஒட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது.

லினக்ஸுக்கு ஒண்ணு, விண்டோஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனி பேஸ்லைன் வெச்சுக்கலாமா?

வேறு வழியே இல்லாதபோது மட்டும். எழுத்துருவை வரையும் விதம் மாறுவதால் ஸ்க்ரீன்ஷாட் ஒப்பீட்டில் தவிர்க்க முடியாது, ப்ளேரைட் கருவி கோப்புப் பெயரிலேயே பிரவுசரையும் இயங்குதளத்தையும் சேர்த்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் டெஸ்ட்களிலும் ஒரே டெஸ்டுக்கு மாற்று விடைகள் வைக்கலாம், பெயரின் கடைசியில் 0 முதல் 9 வரை ஓர் எண் போட்டு. எந்த ஒன்றோடு பொருந்தினாலும் பாஸ்.

அந்த "எந்த ஒன்றோடும்" என்பதில் கவனம் வேண்டும். விண்டோஸில் மட்டும் சரியான விடை, லினக்ஸில் தவறாக வந்தாலும் பாஸ் ஆகிவிடும். உங்களால் முடிந்தால் எந்தச் சூழலுக்கு எந்தக் கோப்பு என்று உறுதியாகக் கட்டிவிடுங்கள். மாற்று வைப்பதற்கு முன், வேறுபடும் பகுதியை மட்டும் தனி டெஸ்டாகப் பிரிக்க முடியுமா என்றும் பாருங்கள்.

பேஸ்லைன்ல இருக்கிறது பக்னு தெரியும், ஆனா இப்போ திருத்த நேரமில்ல. சரியான விடையை எழுதி ஃபெயில் ஆக விடணுமா, தப்பையே வெச்சிருக்கணுமா?

இதில் டீமுக்கு டீம் கருத்து மாறும், என் பழக்கத்தைச் சொல்கிறேன். நிரந்தரமாகச் சிவப்பாக நிற்கும் டெஸ்டை யாரும் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் புதிதாக வரும் சிவப்பையும் சேர்த்தே பார்க்காமல் விடுவார்கள். ஆகவே தவறான வெளியீட்டைப் பேஸ்லைனில் இருக்க விடுகிறேன், டெஸ்டில் பக் எண்ணோடு ஒரு குறிப்பு எழுதுகிறேன். கூடவே சரியான விடையை எதிர்பார்க்கும் ஒரு சிறு டெஸ்டை எழுதி, "ஃபெயில் ஆகும் என்று தெரியும்" என்று குறிக்கிறேன். பைத்தானின் பைடெஸ்ட் கருவியில் எக்ஸ்ஃபெயில் என்பது அதுதான், ஸ்ட்ரிக்ட் என்று சேர்த்தால் என்றைக்கு அது பாஸ் ஆகிறதோ அன்றைக்கு ஃபெயில் காட்டும். யாரோ பக்கைத் திருத்திய நாளில் இரண்டும் ஒன்றாகக் குரல் கொடுக்கும். பேஸ்லைனைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியும், ஏன் என்று குறிப்பு சொல்லும்.

எல்லாம் பச்சையா இருக்கு. இந்த டெஸ்ட்கள் நிஜமா எதையாவது பிடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உடைத்துப் பாருங்கள். ஒரு கழித்தலைக் கூட்டலாக்குங்கள், ஒரு வரியை அச்சிடாமல் விடுங்கள், ஓர் எல்லை நிபந்தனையில் "குறைவு" என்பதை "குறைவு அல்லது சமம்" ஆக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்டாவது ஃபெயில் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால், தேதி பற்றிய கேள்வியில் சொன்ன அளவுக்கு மீறிய மறைப்பையும், கோப்பு இல்லாத கேள்வியில் சொன்ன தன்னோடு தானே பொருந்தும் கோப்பையும் முதலில் தேடுங்கள். எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். மூன்றாவதாக, அந்தக் கோடைத் தொடும் உள்ளீடே இல்லாமல் இருக்கும், அப்போது மூன்று பதிவுகளோடு ஒரு புதிய பேஸ்லைன் எழுத வேண்டும், கையால் கணக்குப் போட்டு.